எங்கள் வீட்டு ஹெரால்டு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். மலருக்காகச் சில இடங்களைச் சுருக்கியும் சில இடங்களை விரித்தும் தந்திருக்கிறேன்.)



செயலாளர் என்னிடம் கேட்டது 'தொழில்துறையின் இன்றைய சவால்கள்' என்ற தலைப்பில். "சார், அதைப் பேசத் தகுதியான பத்துப் பேர் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருப்பாங்க. நான் என் பழைய காரைப் பத்திப் பேசட்டுமா?" என்றேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு, "இருபது நிமிஷத்துல முடிச்சிடுங்க" என்றார். அந்த அனுமதியில்தான் இங்கே நிற்கிறேன்.

உள்ளே வரும்போது மரத்தடியில் வெளிர்பச்சையில் ஒரு சின்னக் கார் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டே கதவு. முன்பக்கம் இரண்டு பக்கமும் கண் விழித்த மாதிரி விளக்கு. காலையில் ஒரு தம்பி, "அண்ணே, இது பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன வண்டியா?" என்று கேட்டார். நம் ஊரில் பழசாக எதைக் கண்டாலும் அவர்கள் கணக்கில்தான் எழுதுகிறோம். இந்த வண்டிக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உருவம் வரைந்தவர் இத்தாலி டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. முதலில் செய்தவர்கள் இங்கிலாந்தின் கோவென்ட்ரி ஊர்க்காரர்கள். என் வண்டி பிறந்தது நம்ம வண்டலூரில். பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இங்கிலாந்தில் 1959இல் இது 'ட்ரையம்ஃப் ஹெரால்டு' என்று வெளிவந்தபோது முதலில் வந்த வகைகளில் ஒன்று கூபே. அதற்கு இரட்டைக் கார்புரேட்டர். 1962இல் வந்த 'ஸ்பிட்ஃபயர்' ஸ்போர்ட்ஸ் கார் இதே ஹெரால்டு சேஸிஸைக் குட்டையாக்கிச் செய்தது. 1966இல் வந்த 'ஜிடி6' கூபேயும் அந்தக் குடும்பம்தான். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் இதைச் செய்தது. எங்கள் வீட்டில் இருப்பது 1966 மாடல், இரண்டு கதவு சலூன். என் வகுப்புத் தோழன் ஒருவன், "டேய், கூபேன்னு சொல்லாதே, சலூன்" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவான். இன்றைக்கும் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சென்னைக்கு வடக்கே சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் மாற்றி அமைத்த ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்த இளைஞர்களில் என் அப்பாவும் ஒருவர். அவருக்கு இது ஸ்போர்ட்ஸ் கார்தான். அவரிடம் போய்ச் சலூன் என்று சொல்லிப் பாருங்கள்.

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஒரு விஷயம். அந்தக் காலத்தில் மற்ற கார்கள் தனிச் சேஸிஸை விட்டுவிட்டு, பாடியையே எலும்புக்கூடாக வைத்துக் கட்டும் முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழையபடி தனிச் சேஸிஸ். அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட்டுப் போட்டு இறுக்கியிருப்பார்கள். காரணம் இன்ஜினியரிங் இல்லை, வியாபாரம். பாடி செய்து கொடுத்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் சின்னச் சின்ன இடங்களில் செய்து வாங்கிக் கோத்தார்கள். அவர்களுடைய அந்தக் கஷ்டம்தான் அறுபது வருஷம் கழித்து எனக்கு அதிர்ஷ்டமாக வந்தது. ஸ்பேனர் ஒரு பெட்டி இருந்தால் இந்தக் காரை வீட்டு வாசலிலேயே பிரித்துவிடலாம். பானெட்டும் முன் மட்கார்டும் சேர்ந்து முதலை வாய் மாதிரி முன்பக்கமாகத் திறக்கும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். நான் சின்னப் பிள்ளையில் அப்படி உட்கார்ந்துதான் அப்பாவுக்கு நட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அப்பா ரோடியர் மில்லில் ஃபிட்டர். வெளியூர்த் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: ரோடியர் மில் என்று ஊரில் சொல்வது ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ். 1898இல் தொடங்கிய ஆலை, 2020இல் மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். நான் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால், 1987இல், சென்னையில் ஒருவரிடம் 11,000 ரூபாய்க்கு இந்தக் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். வாங்கிய மறு வருஷமே, 1988இல், வண்டலூர் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றுவிட்டது. அதற்கும் பல வருஷம் முன்பே ஹெரால்டு செய்வதை நிறுத்தியிருந்தார்கள். அப்புறம் சாமானுக்கு எங்கே போவது? ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும்தான். 2003இல் கியர்பாக்ஸ் மக்கர் பண்ண, வண்டி ஷெட்டுக்குள் போனது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது பக்கத்து வீட்டு வேப்பமரம் அந்த ஷெட்டின் மேலேயே விழுந்தது.

மரத்தை அறுத்து எடுத்துப் பார்த்தால் கூரை அமுங்கிக் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் வந்து 14,000 என்றார். "வாங்கின விலைக்கு மேல மூவாயிரம் லாபம்" என்று அம்மா சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "விக்கிறதுன்னா ஓட்டிட்டுப் போய் விப்பேன். தூக்கிட்டுப் போக விடமாட்டேன்" என்றார். அதோடு சரி. அடுத்த எட்டு வருஷம் அந்தக் காரைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நான் பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு ரெயின்போ நகர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பெயருக்குத்தான் நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். கடைசியாக அரம் பிடித்தது முதலாமாண்டு ஃபிட்டிங் ஷாப்பில், 'வி' கட்டிங் போட்ட அன்றைக்கு. அதையும் பாதி பக்கத்து பெஞ்ச் நண்பன்தான் தேய்த்துக் கொடுத்தான். ஒரு நாள் மாலை சும்மா ஷெட்டைத் திறந்து ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினேன். 13 நம்பர் ஸ்பேனர். நட்டு சுற்றவில்லை; அதன் மூலைகள்தான் மழுங்கின. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்ன முதல் பாடம்: "அது அரை இஞ்சு." அரை இஞ்சு என்றால் 12.7 மில்லிமீட்டர். அந்த 0.3 மில்லிமீட்டர் இடைவெளி போதும், ஒரு நட்டின் ஆயுளை முடிக்க. இந்த வண்டி முழுக்க இஞ்சு மறை. இஞ்சு ஸ்பேனர் செட்டு வாங்கிய பிறகுதான் வேலையே ஆரம்பமானது.

வீட்டில் இந்த வேலை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது பெயிண்ட் இல்லை, ஒரு காந்தம். பாடி முழுக்க வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்திலெல்லாம் தகடு இல்லை, பட்டிதான். எங்கள் வண்டியின் பின் மட்கார்டில் அரை அங்குலக் கனத்துக்குப் பட்டி இருந்தது. கடற்கரை ஊரில் உப்புக்காற்று வெளிப்பக்கத்தைத்தான் தின்னும் என்று நினைப்போம். உண்மையில் அது தின்பது உள்ளே, தண்ணீர் வடிய வழியில்லாமல் ஈரம் தங்கும் மடிப்புகளில். சேஸிஸிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டிப் பாடியைத் தாங்கும் இரும்புகள்தான் முதலில் போகும். மேலே பளபளவென்று இருக்கும். கீழே கைவிரலால் குத்தினால் உள்ளே போகும்.

பாடியைத் தூக்குவதற்கு முன் அப்பா ஒரு வேலை செய்தார். தரையைக் கூட்டி, சேஸிஸின் நாலு இடத்திலிருந்து தூக்குநூல் தொங்கவிட்டு, குண்டு தொட்ட இடத்தில் சாக்பீஸால் குறிபோட்டார். வண்டியைத் தள்ளிவிட்டு, குறிகளுக்கிடையே குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தோம். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 9 மில்லிமீட்டர். மரம் விழுந்த அடியோ, அதற்கும் முன்னால் எவரோ எதிலோ இடித்ததோ, தெரியாது. சேஸிஸ் கோணியிருந்தது. இதைக் கவனிக்காமல் பெயிண்ட் வரைக்கும் போயிருந்தால் அந்த வண்டி நேராக ஓடவே ஓடாது. கதவைக் கழற்றுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்துத் தற்காலிகமாகப் பிணைத்ததும் அப்பாதான். இல்லையென்றால் தரைத்தகடு உளுத்த பாடியைத் தூக்கும்போது அட்டைப்பெட்டி மாதிரி வளைந்துவிடும். நான் லேப்டாப்பில் சிஏடி படம் போட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நூலைச் சுற்றி வைத்தார்.

சின்னச் சாமான்களின் துருவை எடுக்க ஒரு வழி, மாணவர்கள் செய்து பார்க்கலாம். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகம் நெகடிவ் முனையில்; வேண்டாத இரும்புத்துண்டு பாசிட்டிவில். ராத்திரி முழுக்க விட்டால் காலையில் துரு கறுப்புச் சேறாக உதிரும். முனையை மாற்றி மாட்டினால் நல்ல பாகம் கரைந்துபோகும். பாசிட்டிவ் முனையில் எவர்சில்வர் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் குரோமியம் விஷம். ஹைட்ரஜன் வரும் என்பதால் மூடிய அறையில் செய்யக் கூடாது. இதெல்லாம் நான் முதலாமாண்டு வேதியியலில் படித்ததுதான். அம்மாவின் துணி ஊறவைக்கும் வாளி போனது மட்டும் சிலபஸில் இல்லை.

எஞ்சினைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 948 சிசி, 63 மில்லிமீட்டர் போர், 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். பதினேழு வருஷம் நின்றதில் இறுகிப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றி டீசலும் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றி மூன்று வாரம் பொறுமையாக இருந்தோம். ஒரு நாள் காலை நகர்ந்தது. போரிங், கிராங்க் கிரைண்டிங், சேஸிஸ் வெல்டிங் ஆகியவற்றை வீட்டில் செய்யவில்லை, செய்யவும் கூடாது. அந்த வேலைக்குக் கடலூர் சாலைப் பக்கம் ஒரு பட்டறை. அங்கே உள்ள மேஸ்திரிக்கு வயது அறுபத்தைந்து இருக்கும். ஹெரால்டில் கை வைத்த தலைமுறையில் மிச்சம் இருப்பவர்.

அந்த மேஸ்திரிக்கும் எனக்கும் முதல் தகராறு கிரீஸ் விஷயத்தில் வந்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, பித்தளை மாதிரியான ஒரு மறைக்கட்டைக்குள் திருகியிருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மறைக்குள்தான் அது சுழல்கிறது. ட்ரன்னியன் என்பார்கள். கம்பெனிக் கையேடு அந்த இடத்தில் கிரீஸ் போடாதே, 90 நம்பர் கியர் எண்ணெய் போடு என்கிறது. கிரீஸ் மறைக்குள் இறங்காது. தண்ணீர் தேங்கித் துரு ஏறும். தண்டு ஒரு நாள் முறியும். சக்கரம் மடங்கி உட்கார்ந்துவிடும். மேஸ்திரி, "நாப்பது வருஷமா கிரீஸ்தான் அடிக்கிறேன் தம்பி, ஒண்ணும் ஆகல" என்றார். கழற்றிப் பார்த்தோம். இடதுபக்கத் தண்டின் மறை துருவில் பாதி கரைந்திருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கியர் எண்ணெய் எடுத்துவரச் சொன்னார். எனக்கு ஏகப் பெருமை. படிச்சவன் படிச்சவன்தான் என்று வீட்டில் போய்ச் சொன்னேன். அந்தப் பெருமை கொஞ்ச நாள்தான் நிலைத்தது; அதற்கு வருகிறேன்.

2022 கடைசியில் வண்டி எழுந்து நின்றது. அப்போது அப்பாவுக்கும் எனக்கும் ஒரு சண்டை. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி ஐம்பது வருஷத்துக்கு மேலான, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 'விஏ' எழுத்தோடு தனி நம்பர். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. எனக்கு அதன்மேல் ஒரே ஆசை. ஒரிஜினல் திருகு, ஒரிஜினல் கிளிப் என்று தேடித் தேடிப் போட்டவன் நான். ஆனால் அந்தப் பதிவில் உள்ள வண்டியை அன்றாட உபயோகத்துக்குச் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ரேலி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது என்று சில காரியங்களுக்கு மட்டும்தான். அப்பா கேட்டார்: "காய்கறி வாங்கப் போகக்கூடாதுன்னா அப்புறம் எதுக்குடா வண்டி? ஓடுற வண்டி வேணுமா, பார்க்கிற வண்டி வேணுமா?"

கடைசியில் சாதாரணப் பதிவையே புதுப்பித்தோம். 2022 ஏப்ரலில் இருந்து பதினைந்து வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். தாமதத்துக்கு அபராதம் தனி. ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்து, பிரேக் பிடித்துப் பார்த்து, "என் தாத்தா வெச்சிருந்தார் சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அந்தக் கட்டணத்தை 10,000 ஆக்கிவிட்டார்கள். பழைய வண்டி ஆசை உள்ளவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயமே.

2023 பிப்ரவரி. ஆய்வெல்லாம் முடிந்து, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குத் திருப்தி இல்லை. சக்கரத்து பிரேக் சிலிண்டர்களும் மாஸ்டர் சிலிண்டரும் வெளியே அழுக்காகத் தெரிந்தன. ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் போட்டு ப்ரஷ்ஷால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். உள்ளே இருந்த ரப்பர் கப்புகளையும் அதே மண்ணெண்ணெயில் அலசித் துடைத்து மாட்டினேன். பிரேக் ஆயில் ஊற்றிக் காற்றை எடுத்தேன். பெடல் கல்லு மாதிரி இருந்தது. இரண்டு நாள் ஓட்டிவிட்டு நிறுத்தும்போது டிரம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்ததைக் கவனித்தேன். "புது வேலை, கொஞ்சம் இழுக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதையும் இன்ஜினியர் தோரணையோடு சொல்லிக்கொண்டேன்.

நாலாவது நாள் காலை. அப்பா இடதுபக்கம், பின்னால் என் எட்டு வயது மகள். காமராஜர் சாலையில் ராஜா தியேட்டர் சிக்னல் பக்கமாக வருகிறோம். வேகம் நாற்பதுகூட இருக்காது. முன்னால் ஒரு இளநீர் வண்டி ரோட்டைக் கடக்கிறது. பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது. இன்னொரு முறை மிதித்தேன். ஒன்றும் இல்லை. இந்தக் காலத்துக் கார்களில் பிரேக் குழாய் இரண்டு பிரிவாக இருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். ஹெரால்டில் ஒரே பிரிவு. போனால் நாலு சக்கரமும் போச்சு.

நான் மூன்றாவது முறை மிதித்துக்கொண்டிருந்தேன். அப்பா இரண்டு கையாலும் நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டார். அது கம்பியில் இயங்குவது. ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின் சக்கரம் கிறீச்சிட்டு, வண்டி கொஞ்சம் கோணலாகத் திரும்பி நின்றது. இளநீர்க்காரருக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருக்கும். அவர் எங்களைத் திட்டினார். திட்ட வேண்டியதைத்தான் திட்டினார். பின்னால் என் மகள், "தாத்தா, இன்னொரு வாட்டி பண்ணு" என்றாள். எனக்குக் கால் நடுங்கியதில் இறங்கவே முடியவில்லை.

மேஸ்திரி வந்து மாஸ்டர் சிலிண்டரை அங்கேயே திறந்தார். ரப்பர் கப்பை எடுத்து முகர்ந்து பார்த்தார். உப்பி, கொழகொழவென்று, உதடு மடங்கியிருந்தது. "மண்ணெண்ணெயில கழுவினியா தம்பி?" அவ்வளவுதான் கேட்டார். பிரேக் சாமானைப் பிரேக் ஆயிலிலோ ஸ்பிரிட்டிலோதான் கழுவ வேண்டும் என்பது அவர் பட்டறையில் டீ வாங்கி வரும் பையனுக்குக்கூடத் தெரியும். பெட்ரோல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில், கிரீஸ் எது பட்டாலும் அந்த ரப்பர் ஊறி உப்பும். டிரம் சூடானது அதன் முதல் அறிகுறி. உப்பிய கப்பு ஆயிலைத் திரும்பிப் போகவிடாமல் அடைத்துக்கொண்டிருந்தது. நான் இதே கல்லூரியில் 'கரைப்பான் பட்டால் எலாஸ்டோமர் உப்பும்' என்று எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கியவன். காரணத்தோடு எழுதினேன். படம்கூடப் போட்டேன்.

மேஸ்திரி கிரீஸ் கதையை ஞாபகப்படுத்தவில்லை. அப்பாவும் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு மாதம் அவர் என் மகளை அந்த வண்டியில் ஏற்றவிடவில்லை. வாயைத் திறந்து சொல்லவில்லை. அவள் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக ஏதாவது ஒரு வேலை கொடுத்து நிறுத்திவிடுவார்.

அந்த ஒரு மாதத்தில் நான் வண்டியில் இருந்த ரப்பர் அத்தனையையும் எண்ணினேன். அதுவரைக்கும் இரும்பையும் பெயிண்டையும்தான் பார்த்திருக்கிறேன். இரும்புக்கு வயதாவது கண்ணுக்குத் தெரியும், துரு வரும், சத்தம் போடும். ரப்பர் சத்தம் போடாது. வண்டி ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் அதற்கு வயதாகும். பிரேக் ஹோஸ் வெளியே நன்றாக இருக்கும். உள்சுவர் உப்பித் துவாரம் அடைத்திருக்கும். டயரில் பட்டன் நிறைய இருக்கும். பக்கச்சுவரில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள், 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. இங்கே கார் வைத்திருக்கிற எல்லாரும் சாப்பாட்டுக்குப் போகும்போது உங்கள் வண்டியில் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுப் போங்கள். எத்தனை பேர் முகம் மாறுகிறது என்று நான் கவனிக்கிறேன்.

பெட்ரோல் பக்கமும் அதே கதை. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு நின்றது. அதற்காக வால்வு சீட்டை மாற்றியாகிவிட்டது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1966இல் யாரும் அதை நினைத்து ரப்பர் செய்யவில்லை. பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம், ஹோஸ், கார்புரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் அது மெதுவாகத் தின்னும். சூடான எஞ்சினை ஒட்டிப் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வைட்டான் வகைக்கு மாற்றினேன். டயஃப்ரம் உறையும் பிரேக் கப்பு செட்டும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். ஸ்பிட்ஃபயர் பிரியர்கள் அங்கே நிறைய இருப்பதால் இன்றைக்கும் சாமான் செய்கிறார்கள். கப்பு செட்டைவிடத் தபால் செலவு அதிகம். பேட்டரிக்கு ஒரு கட் ஆஃப் ஸ்விட்ச், சீட்டுக்கு அடியில் ஒரு தீயணைப்பான். ஒரிஜினல் வண்டியில் இவை எதுவும் கிடையாது. முன்பு என்றால் ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டேன்.

சொல்ல மறந்துவிட்டேன். அன்றைக்கு மாஸ்டர் சிலிண்டரை ரோட்டில் திறந்தபோது கொட்டிய பிரேக் ஆயில் புது பெயிண்டைத் தின்றுவிட்டது. இடதுபக்க மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு இருக்கிறது. பெயிண்டர் வந்து அடித்துத் தருகிறேன் என்றார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கல்யாண போட்டோ எடுக்க வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் கேமரால வராம பார்த்துக்குறோம்" என்கிறார்கள். வாடகைக்கு விடுவதில்லை என்பது வேறு விஷயம்.

செலவு கேட்பீர்கள். நாலு வருஷத்தில் மூன்று லட்சத்து நாற்பதாயிரம். அம்மாவிடம் இரண்டு லட்சம் என்று சொல்லியிருக்கிறேன். மலர் அச்சாகி வரும்போது இந்த வரி மட்டும் இருக்கக்கூடாது என்று செயலாளரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் என்ன செய்வாரோ தெரியாது.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செண்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். எங்கள் ரெயின்போ நகரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெயரில்தான் வானவில், தரையில் எப்போதும் தண்ணீர்தான். ராத்திரி தெருவில் முழங்கால் அளவு வந்து ஷெட்டுக்குள் ஏறத் தொடங்கியது. கரண்ட் இல்லை. டார்ச்சை மகள் பிடித்துக்கொள்ள, அப்பாவும் நானும் இரண்டு ஜாக்கி வைத்து வண்டியை ஒவ்வொரு மூலையாகத் தூக்கினோம். தூக்கத் தூக்க சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு. ஸ்டாண்டு சேற்றில் புதையாமல் இருக்க அதற்கு அடியில் தேக்குப் பலகை. அந்தப் பலகை பழைய கட்டிலுடையது. அதையும் அம்மாவிடம் சொல்லவில்லை. வெறும் ஜாக்கியையோ செங்கல்லையோ நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அன்றைக்கு அந்தத் தண்ணீரில்கூட அப்பா என்னை அடியில் போகவிடவில்லை. எழுபத்து நாலு வயதில் அவரே குனிந்து ஸ்டாண்டின் முள்ளைச் சொருகினார்.

தண்ணீர் சக்கரத்தின் நடுமையம் வரைக்கும் வந்து நின்றது. வடிந்ததும் நாலு டிரம்மையும் கழற்றினோம், பேரிங்கைக் கழுவினோம், கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றினோம். பிரேக் சிலிண்டரைத் திறக்கும்போது அப்பா என்னைப் பார்த்தார். நான் பிரேக் ஆயில் டப்பாவை எடுத்துக் காட்டினேன்.

இன்றைக்குக் காலை ரெயின்போ நகரிலிருந்து இங்கே ஓட்டி வந்தவர் அவர்தான். வளைவில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் இந்த வண்டியின் பின் சக்கரங்கள் உள்ளுக்கு மடங்கிக்கொள்ளும், அது பிறவிக்குணம். ராஜீவ் காந்தி சிலைச் சந்திப்பில் அவர் திருப்பியதைப் பார்த்தால் சோழவரம் ஞாபகத்தில்தான் திருப்பினார் என்று நினைக்கிறேன். இப்போது மரத்தடியில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மதியம் பானெட்டைத் தூக்கிக் காட்டுவார். அவரிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், சலூனா கூபேயா என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு அழைப்பு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஏழு மணியிலிருந்து ஷெட் திறந்திருக்கும். முகவரி செயலாளரிடம் இருக்கிறது. இந்த மாதம் டிஃபரன்ஷியலில் எண்ணெய் கசிகிறது, அதைப் பிரிக்கப் போகிறோம். நாலு பேர் வந்தால் வசதியாக இருக்கும். டிபன் அம்மா தருவார்கள். பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். ஸ்பேனர் இருந்தால் அரை இஞ்சும் ஏழு பதினாறும் கொண்டுவாருங்கள். 13 நம்பர் வேண்டாம்.